சி டிரைவ் நிறைஞ்சு போச்சு, டி-ல இருக்கிற கல்யாணப் படங்கள் போகாம இடம் மாத்த வழி உண்டா?

சாரல்_ஸ்டூடியோ (செங்கோட்டை) | காலை 9.40

எல்லாருக்கும் வணக்கம். செங்கோட்டையில ஸ்டூடியோ வச்சிருக்கேன். தென்காசி பக்கமும் கல்யாணம் எடுப்போம், ஆரியங்காவு தாண்டி தென்மலை, புனலூர் வரைக்கும் போவோம். எடிட்டிங் கம்ப்யூட்டர்ல ஒரே ஒரு 1 டிபி எஸ்எஸ்டி. சி டிரைவ் 120 ஜிபி, மிச்சம் எல்லாம் டி. சி சிவப்பாகி 3 ஜிபி தான் பாக்கி. விண்டோஸ் 11-க்கு மாறணும், இடம் பத்தல. டி-ல 300 ஜிபிக்கு மேல சும்மா கிடக்கு.

டிஸ்க் மேனேஜ்மெண்ட் போய் பார்த்தேன். சி மேல ரைட் கிளிக் பண்ணா 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலா இருக்கு, அமுக்க முடியல. சி-க்கும் டி-க்கும் நடுவுல 'ரெகவரி பார்ட்டிஷன்'னு 500 எம்பி சொச்சத்துக்கு ஒன்னு உட்கார்ந்திருக்கு. பஜார்ல கேட்டா மொத்தமா ஃபார்மட் போட்டுரலாம்ங்காங்க. ஆல்பம் கொடுக்காத கல்யாணம் இன்னும் டி-ல இருக்கு. எதையும் தொடல. டி-யைச் சுருக்கினா, அதாவது ஷ்ரிங்க் பண்ணினா, சி-க்கு இடம் கிடைச்சிருமா?

நகரி_தறிக்காரன் | காலை 9.58

அண்ணா, இதுக்குன்னே பார்ட்டிஷன் சாஃப்ட்வேர் இலவசமா கிடைக்குது. நடுவுல இருக்கிற கோட்டை மவுஸால இழுத்துவிட்டு அப்ளை கொடுத்தா முடிஞ்சுது. நானே பல கம்ப்யூட்டர்ல பண்ணியிருக்கேன், ஒரு ஃபைலும் போனதில்ல.

பாறசாலை_பாசஞ்சர் | காலை 10.35

ஸ்டூடியோ அண்ணாச்சி, எதையும் தொடாம வந்து கேட்டீங்க பாருங்க, அதுவே பாதி வேலை. நான் திருவனந்தபுரம் பக்கத்துல கழகக்கூட்டம்ங்கிற ஊர்ல சர்வர் பார்க்கிற வேலையில இருக்கேன், ஸ்டோரேஜ் தான் தினசரிப் பாடு. கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

உங்க டிஸ்க்ல பார்ட்டிஷன்கள், அதாவது பிரிச்ச பகுதிகள், இப்போ இடமிருந்து வலமா இப்படி இருக்கு: சி, ரெகவரி (விண்டோஸ் கெட்டா மீட்கிறதுக்கானது), டி. டி-யை ஷ்ரிங்க் பண்ணினா விண்டோஸ் அதோட வால் பக்கத்தைத்தான் வெட்டும். காலி இடம் டி-க்கு வலது பக்கம், டிஸ்கோட கடைசியில போய் விழும். சி-க்கு அந்த இடம் எட்டாது. ஒரு பார்ட்டிஷனை விண்டோஸ்ல பெருசாக்கணும்னா அதுக்கு ஒட்டி வலது பக்கத்துல காலி இடம் இருக்கணும். எக்ஸ்டெண்ட் மங்கலா இருக்கிறதுக்கு அதான் காரணம். டி-யை ஷ்ரிங்க் பண்ணின பிறகும் அது மங்கலாத்தான் இருக்கும்.

நகரித் தம்பி சொன்ன சாஃப்ட்வேர் அந்தக் காலி இடத்தை இடது பக்கம் கொண்டு வந்துரும், பொய்யில்ல. ஆனா எப்படிக் கொண்டு வருது? டி-யோட தொடக்கமே தள்ளிப் போகணும். அதுக்காக டி-ல இருக்கிற அத்தனை டேட்டாவையும் படிச்சு, வேற இடத்துல எழுதி, அடுத்த துண்டைப் படிச்சு, எழுதி... இப்படி முழு டிரைவும் நகரணும். பாதியில கரண்டு போனாலோ, யுஎஸ்பி கேபிள் ஆடினாலோ, டிஸ்க்ல ஒரு செக்டர் கெட்டிருந்தாலோ, பழைய இடத்துல பாதி, புது இடத்துல பாதி. எது எங்கே இருக்குன்னு சொல்ல ஆளில்ல. செங்கோட்டையில சாரல் நேரத்துக் காத்துக்குக் கரண்டு எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

வால் பக்கத்தை வெட்டுறதும் நீட்டுறதும் சின்ன வேலை. தொடக்கத்தை நகர்த்துறது பெரிய வேலை. ரெண்டுக்கும் திரையில அதே மவுஸ் இழுப்பு தான் தெரியும், அதான் ஆபத்து.

முதல்ல ஒன்னு சொல்லுங்க. சி-ல 117 ஜிபியை எது தின்னிருக்கு? செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் பக்கம் பாருங்க.

நகரி_தறிக்காரன் | காலை 10.50

நான் பண்ணினதெல்லாம் புது லேப்டாப், டி-ல ஒன்னுமே இருக்காது. நகர்த்துறதுக்கு டேட்டாவே இல்லாததால தான் சட்டுனு முடிஞ்சுது போல. இந்த விஷயம் இப்போதான் புரியுது.

சாரல்_ஸ்டூடியோ | காலை 11.30

பார்த்துட்டேன். எடிட்டிங் சாஃப்ட்வேரோட மீடியா கேஷ் (தற்காலிக ஃபைல்கள்) மட்டும் 38 ஜிபி! டவுன்லோட்ஸ்ல 11. இன்னும் ஹைபர்ஃபைல்னு ஒன்னு பெருசா இருக்கு, அது என்ன?

பாறசாலை_பாசஞ்சர் | காலை 11.52

ஹைபர்னேட் ஆகும்போது ரேம்ல இருக்கிறதை எழுதி வைக்கிற ஃபைல் அது. வழக்கமா ரேம் அளவுல 40 சதவீதம் பிடிக்கும். ஸ்டூடியோ டெஸ்க்டாப்புக்கு ஹைபர்னேட் வேணாம். அட்மினா கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'பவர்சிஎஃப்ஜி'யில ஹைபர்னேட்டை ஆஃப்னு கொடுத்தா ஃபைல் தானா போயிரும். மீடியா கேஷை அந்த சாஃப்ட்வேரோட செட்டிங்ஸ்லயே டி-க்கு மாத்துங்க. பழைய கேஷை அழிக்கலாம், திரும்ப உருவாகிக்கும். ஆனா கேட்டலாக், பிராஜெக்ட் ஃபைல் ரெண்டும் கேஷ் இல்ல. அதுல கை வைக்காதீங்க.

இதுலயே 50 ஜிபிக்கு மேல வந்துரும். விண்டோஸ் 11-க்கு அது போதும். பார்ட்டிஷனைத் தொடாம முடிஞ்சா அதைவிட நல்லது வேற இல்ல.

கொழிஞ்சாம்பாறை_டீச்சர் | மதியம் 12.20

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணுங்க. நான் பாலக்காடு மாவட்டத்துல தமிழ் மீடியம் சொல்லித்தர்றேன். எங்க பள்ளிக்கூடங்கள்ல கைட் (கேரள அரசோட பள்ளித் தொழில்நுட்ப அமைப்பு) கொடுக்கிற லினக்ஸ் தானுங்க. என்னோட சொந்த கம்ப்யூட்டர்லயும் லினக்ஸ் தான், போட்டுக் கொடுத்தவர் எல்விஎம் (லினக்ஸ்ல டிஸ்க் இடத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கிற அடுக்கு) முறையில போட்டிருக்கார். சிஸ்டம் இருக்கிற ரூட் 30 ஜிபி நிறைஞ்சிருச்சு, என் ஃபைல்கள் இருக்கிற ஹோம் 400 ஜிபியில கால்வாசி கூட நிறையல. ரெண்டும் ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம். எனக்கும் இந்த இடது வலது பிரச்சினை வருங்களா?

பாறசாலை_பாசஞ்சர் | மதியம் 1.05

டீச்சர், உங்களுக்கு அந்தக் கவலை இல்ல. எல்விஎம் டிஸ்கை 4 எம்ஐபி துண்டு துண்டாப் பிரிச்சு வச்சிருக்கும். ஒரு வால்யூமோட துண்டுகள் டிஸ்க்ல எங்கே வேணா சிதறி இருக்கலாம், பக்கத்துல இருக்கணும்னு கட்டாயம் இல்ல. ஹோம்ல இருந்து விடுபடுற இடத்தை ரூட் அப்படியே எடுத்துக்கும்.

ஆனா உங்களுக்கு வேற ஒரு கண்டம் இருக்கு, வரிசை. வெளியே இருக்கிறது வால்யூம் (எல்விஎம் ஒதுக்கின இடம்), உள்ளே இருக்கிறது ஃபைல் சிஸ்டம் (அந்த இடத்துல ஃபைல்களை அடுக்கி வைக்கிற முறை). தோட்டத்துக்கு வேலி மாதிரி வச்சுக்கங்க. தோட்டத்தைக் குறைக்கணும்னா முதல்ல பயிரை உள்ளே ஒதுக்கிட்டு அப்புறம் வேலியை நகர்த்தணும். கூட்டணும்னா முதல்ல வேலி, அப்புறம் பயிர். குறைக்கும்போது வேலியை முதல்ல உள்ளே நகர்த்தினா வெளியே நிக்கிற பயிர் உங்களுது இல்ல.

ஹோமைக் குறைக்கிறது இப்படி:

ஈஎக்ஸ்டி4-ஐ ஓடிக்கிட்டிருக்கும்போதே பெருசாக்கலாம், சின்னதாக்க முடியாது. ஹோமை அன்மவுண்ட் பண்ணணும், அதாவது பயன்பாட்டுல இருந்து கழட்டணும். அதனால லைவ் யுஎஸ்பியில (பென்டிரைவ்ல இருந்தே ஓடுற லினக்ஸ்) பூட் பண்ணுங்க. முதல்ல 'இ2எஃப்எஸ்சிகே'யை மைனஸ் எஃப் போட்டு ஓட்டி சோதிங்க. இது ஓடாம 'ரீசைஸ்2எஃப்எஸ்' சின்னதாக்கவே விடாது, அது நல்லதுக்குத்தான். ஹோம் 300 ஜிபி ஆகணும்னு வச்சுக்குவோம். ஃபைல் சிஸ்டத்தை 300-க்குச் சுருக்காதீங்க, 270-க்குச் சுருக்குங்க. அப்புறம் 'எல்வி ரெட்யூஸ்' வச்சு வால்யூமை 300-க்குக் கொண்டு வாங்க. கடைசியா 'ரீசைஸ்2எஃப்எஸ்'ஸை அளவே சொல்லாம ஓட்டினா ஃபைல் சிஸ்டம் விரிஞ்சு 300-ஐ சரியா நிரப்பிக்கும். நடுவுல விட்ட அந்த 30 தான் உங்க காப்பு. ஒரு கருவி ஜிபியை 1000-ல கணக்கு போடும், இன்னொன்னு 1024-ல போடும். 500 ஜிபின்னு வாங்கின டிஸ்க் 465-னு தெரியுதே, அதே வித்தியாசம் தான். ஓரத்துல உரசுற மாதிரி அளவு கொடுத்தா இந்த வித்தியாசம் ஃபைல் சிஸ்டத்தோட வாலை அறுத்துரும்.

'எல்வி ரெட்யூஸ்'ல மைனஸ் ஆர்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. அது ஃபைல் சிஸ்டத்தையும் வால்யூமையும் சரியான வரிசையில தானே பார்த்துக்கும். நிஜ வேலைக்கு அதையே போடுங்க. நான் கையால செய்ற வழியை எழுதினது உள்ளே என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியணும்னு தான்.

ரூட்டைப் பெருசாக்குறது ஒரே வரி: 'எல்வி எக்ஸ்டெண்ட்', மைனஸ் ஆர். மிஷின் ஓடிக்கிட்டே இருக்கலாம். இதெல்லாம் ஹோமை வெளி டிஸ்க்ல பிரதி எடுத்த பிறகு தான், அதைச் சொல்லவே வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை_டீச்சர் | மதியம் 1.18

நல்லாப் புரிஞ்சுதுங்க. பரீட்சை மார்க் எல்லாம் அதுல தான் இருக்கு, லீவு நாள்ல நிதானமா உட்கார்ந்து பண்றேன்.

நகரி_தறிக்காரன் | மதியம் 1.40

ஈஎக்ஸ்டி4-க்குப் பதிலா எக்ஸ்எஃப்எஸ்னு இருந்தா?

பாறசாலை_பாசஞ்சர் | மதியம் 1.46

பெருசாக்கலாம், மவுண்ட் ஆகி இருக்கும்போதே. சின்னதாக்க முடியாதுன்னே வச்சுக்கங்க. ரெட்ஹாட் லினக்ஸ் 7-ல (2014) இருந்து அவங்க சர்வர்ல எக்ஸ்எஃப்எஸ் தான் இயல்பா வரும், அதனால சர்வர் பக்கம் நிறைய பேர் இதுல மாட்டுவாங்க. ஒரே வழி பிரதி எடுத்து, புதுசா சின்னதா உருவாக்கி, திரும்பப் போடுறது. பிடிஆர்எஃப்எஸ்னு இன்னொரு ஃபைல் சிஸ்டம் இருக்கு, அது ஓடிக்கிட்டே பெருசாவும் ஆகும், சின்னதாவும் ஆகும்.

குமுளி_மலைப்பாதை | மாலை 4.12

அவசரம், யாராவது இருக்கீங்களா? கம்பத்துல இருக்கேன். மச்சானுக்கு வண்டன்மேட்டுல ஏலக்காய் வியாபாரம், பில் போடுற லினக்ஸ் சர்வர் ஒன்னு கடையில ஓடுது. யாரோ ஒருத்தரை வச்சு இடம் மாத்தியிருக்காங்க. அவர் ஃபைல் சிஸ்டத்தைச் சுருக்காம நேரா 'எல்வி ரெட்யூஸ்' அடிச்சிட்டார். 200 ஜிபி 120 ஆயிருச்சு. இப்போ மவுண்ட் ஆகல, சூப்பர் பிளாக் (ஃபைல் சிஸ்டம் தன் அளவை எழுதி வச்சிருக்கிற இடம்) அளவும் டிவைஸ் அளவும் ஒத்துப் போகலன்னு எரர். வந்தவர் எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டத்தைச் சோதிச்சு சரி பண்ற கமாண்ட்) ஓட்டலாமாங்கார். சீசன் கணக்கு முழுக்க அதுல தான்.

பாறசாலை_பாசஞ்சர் | மாலை 4.15

எஃப்எஸ்சிகே ஓட்ட வேண்டாம். அவர் கையை கீபோர்டுல இருந்து எடுக்கச் சொல்லுங்க. ஃபைல் சிஸ்டம் இன்னும் 200-னு தான் நினைச்சுக்கிட்டிருக்கு, இடம் 120 தான் கண்ணுக்குத் தெரியுது. இப்போ 'சரி பண்ணு'ன்னு சொன்னா மிச்ச 80-ஐ கிழிஞ்சதா நினைச்சு வெட்டி எறியும். ரெண்டு கேள்வி. விடுபட்ட அந்த 80 ஜிபியை வேற வால்யூமுக்குக் கொடுத்துட்டாரா? எல்விஎம் கான்ஃபிக்ல 'இஷ்யூ டிஸ்கார்ட்ஸ்' 0-வா 1-ஆ?

குமுளி_மலைப்பாதை | மாலை 4.31

போன்ல கேட்டேன். கொடுக்கல, அதுக்கு முன்னாடியே பயந்து நிறுத்திட்டார். டிஸ்கார்ட்ஸ் 0.

பாறசாலை_பாசஞ்சர் | மாலை 4.50

அப்போ நம்பிக்கை இருக்கு. 'எல்வி ரெட்யூஸ்' டேட்டாவை அழிக்கிறதில்ல, எந்தத் துண்டு யாருக்குன்னு இருக்கிற பட்டியலை மட்டும் மாத்தும். டிஸ்கார்ட்ஸ் 1-ஆ இருந்து எஸ்எஸ்டியா இருந்திருந்தா விடுபட்ட துண்டுகளை டிஸ்கே காலி பண்ணியிருக்கும், அப்போ நான் இவ்வளவு தெம்பா எழுத மாட்டேன்.

எல்விஎம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னாடி பழைய பட்டியலை 'இடிசி'க்குள்ள 'எல்விஎம்', அதுக்குள்ள 'ஆர்க்கைவ்' ஃபோல்டர்ல எழுதி வைக்கும். வரிசையாச் செய்யச் சொல்லுங்க:

வேற டிஸ்க் இருந்தா, முதல்ல இந்த டிஸ்கை முழுசா 'டிடி' கமாண்ட் போட்டு இமேஜ் (அப்படியே ஒரு பிரதி) எடுக்கணும். கடை ஒரு நாள் மூடினாலும் பரவாயில்ல.

'விஜி சிஎஃப்ஜி ரெஸ்டோர்'ல லிஸ்ட் ஆப்ஷன் கொடுத்தா ஒவ்வொரு பிரதியும் எந்தக் கமாண்டுக்கு முன்னாடி எடுத்ததுன்னு அதுலயே எழுதியிருக்கும். 'எல்வி ரெட்யூஸ் ஓடுறதுக்கு முன்'னு இருக்கிறதைத் தேர்ந்தெடுங்க. வால்யூமை டீஆக்டிவேட் பண்ணிட்டு அந்தப் பிரதியை ரெஸ்டோர் பண்ணுங்க, திரும்ப ஆக்டிவேட் பண்ணுங்க. அப்புறம் எஃப்எஸ்சிகேயை மைனஸ் என் போட்டு, அதாவது எதையும் எழுதாம பார்க்க மட்டும். சுத்தமா வந்தா ரீட் ஒன்லியா மவுண்ட் பண்ணி, வேற எதையும் செய்யறதுக்கு முன்னாடி பில்லிங் டேட்டாவை வெளியே எடுத்துருங்க.

200-க்கு 'எல்வி எக்ஸ்டெண்ட்' அடிச்சாலே சரியாயிரும்னு சிலர் சொல்வாங்க. பல சமயம் ஆகும். ஆனா எல்விஎம் அதே துண்டுகளைத் தான் திரும்பக் கொடுக்கும்னு உத்தரவாதம் இல்ல. பழைய பட்டியலை ரெஸ்டோர் பண்றது தான் உறுதியான வழி.

நகரி_தறிக்காரன் | மாலை 5.05

இவ்வளவு ஆபத்தான கமாண்ட் கேள்வி கேட்காம ஓடுமா?

பாறசாலை_பாசஞ்சர் | மாலை 5.11

பழைய பதிப்புல 'டேட்டா போகலாம், செய்யவா'ன்னு கேட்கும், எஸ் கொடுத்துட்டா போச்சு. புது எல்விஎம்ல ஃபைல் சிஸ்டம் பெருசா இருந்தா தானே மறுத்துரும். ஓரத்துல இருக்கிற கடைகள்ல ஓடுறதெல்லாம் பழைய பதிப்பு.

குமுளி_மலைப்பாதை | இரவு 10.20

வந்துருச்சு. இமேஜ் எடுத்து, ஆர்க்கைவ்ல இருந்து ரெஸ்டோர் பண்ணி, மைனஸ் என் சுத்தம். பில் எல்லாம் பென்டிரைவ், வெளி டிஸ்க் ரெண்டுலயும் எடுத்தாச்சு. மச்சான் போன்ல அழுதுட்டார். உங்க பேரு தெரியாது, நல்லா இருக்கணும் நீங்க.

நகரி_தறிக்காரன் | மறுநாள் காலை 8.30

நல்ல செய்தி. என் பக்கமும் ஒன்னு இருக்கு. நாங்க விசைத்தறிக் கணக்கை கிளவுட் சர்வர்ல வச்சிருக்கோம். கன்சோல்ல டிஸ்கை 50-ல இருந்து 100 ஆக்கிட்டேன். உள்ளே பார்த்தா இன்னும் 50 தான் காட்டுது. திரும்ப 50 ஆக்கிட்டா காசு மிச்சம், ஆக்கலாமா?

பாறசாலை_பாசஞ்சர் | காலை 8.55

கிளவுட் டிஸ்க்குகள் பொதுவா பெருகும், குறையாது. அமேசானோட இபிஎஸ்ஸும் அப்படித்தான், கூட்டலாம், குறைக்க முடியாது. அதனால கூட்டும்போதே யோசிச்சுக் கூட்டணும்.

உங்களுக்கு வெளி அடுக்கு மட்டும் வளர்ந்திருக்கு, உள்ளே இன்னும் ரெண்டு அடுக்கு பாக்கி. முதல்ல ஸ்னாப்ஷாட் (டிஸ்க் இப்போ இருக்கிற நிலையோட பிரதி) எடுங்க. 'குரோ பார்ட்' வச்சு பார்ட்டிஷனை நீட்டுங்க. அப்புறம் ஃபைல் சிஸ்டம்: ஈஎக்ஸ்டி4-ஆ இருந்தா 'ரீசைஸ்2எஃப்எஸ்', எக்ஸ்எஃப்எஸ்ஸா இருந்தா 'எக்ஸ்எஃப்எஸ் குரோ எஃப்எஸ்'. பார்ட்டிஷன் பட்டியலான ஜிபிடி டேபிளோட இன்னொரு பிரதி டிஸ்கோட கடைசியில இருக்கும். டிஸ்க் நீண்டதும் அந்தப் பிரதி நடுவுல நின்னுரும். 'பார்ட்டெட்'ல திறந்தா 'சரி செய்யவா'ன்னு கேட்கும், ஃபிக்ஸ் கொடுங்க. பழைய எம்பிஆர் டேபிளா இருந்தா 2 டிபிஐக்கு மேல போகாதுங்கிறதையும் ஞாபகம் வச்சுக்கங்க.

சாரல்_ஸ்டூடியோ | காலை 10.15

அண்ணே, கேஷை மாத்தினதுல 54 ஜிபி காலி. ஆனா அடுத்த சீசன்ல திரும்ப நிறையும்னு படுது. ஒரு தடவை ஒழுங்காப் பெருசாக்கிடணும். வெளி டிஸ்க் 2 டிபி வாங்குறேன். நகர்த்தாம செய்ற வழி சொல்லுங்க.

பாறசாலை_பாசஞ்சர் | காலை 11.00

வழி: டி-யை நகர்த்துறதுக்குப் பதிலா டி-யைக் காலி பண்ணி, அழிச்சு, புதுசா உருவாக்குறது. ஆனா ஒன்னை மனசுல அழுத்தி வச்சுக்கங்க. டி-யை அழிச்ச நிமிஷத்துல இருந்து உங்க வெளி டிஸ்க் பேக்கப் இல்ல, அதுதான் ஒரே பிரதி. எஸ்எஸ்டியில பார்ட்டிஷனை அழிச்சு ஃபார்மட் பண்ணினா டிரிம் ஓடி பழைய இடத்தைக் காலியாக்கிரும், ரெகவரி சாஃப்ட்வேர் வச்சு மீட்கலாம்னு எண்ணவே வேண்டாம். அதனால வெளி டிஸ்க் ஒன்னு போதாது, ரெண்டு வேணும். ஆல்பம் கொடுக்காத கல்யாணங்களாவது ரெண்டாவது டிஸ்க்ல இருக்கட்டும். தாலி கட்டுறதைத் திரும்ப எடுக்க முடியாது அண்ணாச்சி, ஒரு டிஸ்க் விலையை இங்கே பார்க்காதீங்க.

காப்பி ஆனதும் சைஸ் ஒத்துப்போகுதான்னு பார்க்கிறது பத்தாது. ஃபைல் உள்ளடக்கத்தையே ஒப்பிட்டுப் பார்க்கிற வசதி ஃப்ரீஃபைல்சிங்க்ல இருக்கு, ராத்திரி ஓடவிடுங்க. வெளி டிஸ்கை வேற கம்ப்யூட்டர்ல செருகி, பழைய கல்யாணத்துல ஒன்னு, புதுசுல ஒன்னுன்னு ரா ஃபைல்களைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்க.

பிட்லாக்கர் (விண்டோஸ் டிஸ்குக்குப் போடுற பூட்டு) ஆன்ல இருக்கான்னு பாருங்க. இருந்தா 48 இலக்க ரெகவரி கீயைக் காகிதத்துல எழுதி வச்சுட்டு, சஸ்பெண்ட் பண்ணிட்டுத் தொடங்குங்க. யுபிஎஸ்ல மாட்டுங்க.

நடுவுல இருக்கிற ரெகவரிக்கு: அட்மின் கமாண்ட்ல 'ரீஏஜென்ட்சி' டிஸ்ஏபிள் கொடுத்தா மீட்பு இமேஜ் சி-க்குள்ள வந்துரும். அப்புறம் 'டிஸ்க்பார்ட்'ல அந்தப் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து ஓவர்ரைட் ஆப்ஷனோட டெலிட்... மன்னிக்கணும், ஆப்ஷன் பேரு 'ஓவர்ரைடு'. நம்பரை வாய்விட்டுப் படிச்சுட்டு என்டர் அடிங்க, பக்கத்துல ஒருத்தர் இருந்தா நல்லது. டி-யையும் டெலிட் பண்ணினா சி-க்கு வலது பக்கம் முழுக்க காலி. சி-யை 250 ஜிபி வரைக்கும் எக்ஸ்டெண்ட் பண்ணுங்க. அதை ஒட்டி 1 ஜிபி ரெகவரிக்கு. 500 எம்பி வைக்காதீங்க, 2024 ஜனவரியில வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட் இந்தப் பார்ட்டிஷன் சின்னதா இருந்த கம்ப்யூட்டர்கள்ல ஏறாம நின்னுச்சு, மைக்ரோசாஃப்ட்டே 250 எம்பி கூட்டச் சொன்னாங்க. புது ரெகவரிக்கு டைப் ஐடி கொடுத்து 'ரீஏஜென்ட்சி' எனேபிள் பண்ணணும், மைக்ரோசாஃப்ட் உதவிப் பக்கத்துல அந்த ஐடி இருக்கு, அங்கிருந்து காப்பி பண்ணுங்க, கையால டைப் அடிக்காதீங்க. மிச்சம் புது டி. அதே 'டி' எழுத்தைக் கொடுத்தா எடிட்டிங் கேட்டலாக் பாதை மாறாம இருக்கும்.

சாரல்_ஸ்டூடியோ | நாலாம் நாள் இரவு 9.05

முடிஞ்சுது அண்ணே. சி 250, ரெகவரி எனேபிள்னு காட்டுது, டி-க்கு எல்லாம் திரும்பப் போட்டாச்சு, கேட்டலாக் அப்படியே திறக்குது. புனலூர் கல்யாணம் முழுசா ஓட்டிப் பார்த்தேன். வெளி டிஸ்க் ரெண்டையும் இப்போ காலி பண்ணி வேற வேலைக்கு எடுக்கலாமா?

பாறசாலை_பாசஞ்சர் | இரவு 9.30

ரெண்டையும் காலி பண்ணாதீங்க. திரும்பப் போட்டதையும் ஃப்ரீஃபைல்சிங்க்ல ஒப்பிட்டுருங்க. அது சுத்தமா வந்தா ஒரு டிஸ்கை எடுத்துக்கங்க. இன்னொன்னு வீட்டுல இருக்கட்டும், ஸ்டூடியோவுல வேண்டாம். அதுல இருக்கிற ஆல்பங்களைக் கொடுத்து முடிக்கிற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்.